அயர்லாந்தில் எந்தக் கோட்டைக்குப் போவது?

அயர்லாந்துக்குச் சுற்றுலா வருபவர்களும், இங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர்களும் தவறாமல் கேட்பது இது: ஒரு நாள் கிடைத்தால் எந்தக் கோட்டைக்குப் போகலாம்? இணையத்தில் தேடினால் ‘பார்த்தே ஆக வேண்டிய பத்துக் கோட்டைகள்’ என்று பட்டியல் பட்டியலாக வந்து விழும். 12ஆம் நூற்றாண்டுப் போர்க்கோட்டை, 19ஆம் நூற்றாண்டுச் சீமான் வீட்டு மாளிகை, கோட்டையே இல்லாத ஒரு பேராலயம் எல்லாம் அதில் அடுத்தடுத்து இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி நட்சத்திரம் போட்டிருப்பார்கள். அதை நம்பி ட்ரிம் போன ஒருவர், “உள்ளே ஒண்ணுமே இல்லீங்க, வெறும் சுவர்” என்று திரும்பி வருவார். கில்கென்னி போன இன்னொருவர், “கோட்டைன்னு சொன்னாங்க, போய்ப் பார்த்தா பெரிய பங்களா” என்பார். இருவரையும் இடம் மாற்றி அனுப்பியிருந்தால் இருவருமே திருப்தியாக வந்திருப்பார்கள்.

அதனால் என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, எந்தக் காலத்தைப் பார்க்க ஆசை என்பதைத்தான். இங்குள்ள ஒவ்வொரு கோட்டையும் பல நூற்றாண்டுகள் இடித்தும் கட்டியும் வளர்ந்ததுதான். ஆனால் இன்று நாம் போய் நிற்கும்போது அதில் ஏதோ ஒரு காலம்தான் ஓங்கித் தெரியும். ட்ரிம்மில் 1200. கேஹிரில் 1599. கில்கென்னியில் விக்டோரியா மகாராணி காலம். பன்ராட்டியில் 15ஆம் நூற்றாண்டுச் சுவருக்குள் 1950களின் ரசனை. இது தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

பின்னணி கொஞ்சம் வேண்டும். அயர்லாந்தின் கிழக்குப் பகுதியான லென்ஸ்டரின் அரசன் டியர்மெட் மெக்மர்ரோ பறிபோன தன் நாட்டை மீட்பதற்காக, அப்போது இங்கிலாந்தை ஆண்ட நார்மன்களின் படைத்தலைவர்களை வேல்ஸிலிருந்து அழைத்தான். 1169இல் முதல் கூட்டம் வெக்ஸ்ஃபோர்டு கடற்கரையில் இறங்கியது. அடுத்த ஆண்டு வந்த நார்மன் பிரபு ஸ்ட்ராங்போ, டியர்மெட்டின் மகள் ஈஃபாவை மணந்து, மாமனார் இறந்ததும் லென்ஸ்டரையே எடுத்துக்கொண்டார். தன் குடிமகன் ஒருவன் கடலுக்கு அப்பால் தனி ராஜாவாகிவிடுவானோ என்று பயந்த இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி, 1171இல் தானே படையோடு வந்து சேர்ந்தார். அந்த வேகத்தில் எழுந்தவை முதல் தலைமுறைக் கற்கோட்டைகள். 14ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோயும் போர்களும் ஆங்கிலேயர் பிடியைத் தளர்த்தின. பிறகு ஐரிஷ் குலத்தலைவர்களும், ஐரிஷ்காரர்களாகவே மாறிவிட்ட பழைய நார்மன் குடும்பங்களும், ஆளுக்கொரு உயரமான கோபுர வீடு கட்டிக்கொண்டார்கள். நாடு முழுக்க இவை ஆயிரக்கணக்கில் இருந்தன. டப்ளினைச் சுற்றிய ஆங்கிலேயப் பகுதியில் கோபுரம் கட்டுபவருக்குப் பத்து பவுண்டு மானியம் என்று 1429இல் சட்டமே போட்டார்கள். நீளம் 20 அடி, அகலம் 16 அடி, உயரம் 40 அடி இருக்க வேண்டும் என்று அளவும் சொன்னார்கள். அரசு மானியம் வாங்கி வீடு கட்டுவது அன்றே இருந்திருக்கிறது. அதற்குப் பின் பீரங்கி வந்தது, 1649இல் ஆங்கிலேயத் தளபதி குரோம்வெல் படையோடு வந்தார், கோட்டைகளின் கதை மாறிப்போனது.

டப்ளினிலிருந்து ஒரே நாள்தான் என்றால்

நான் ட்ரிம்முக்குத்தான் அனுப்புவேன். டப்ளினுக்கு வடமேற்கே சுமார் 50 கிலோமீட்டர், பாய்ன் ஆற்றின் தென்கரை. நேரடிப் பேருந்து உண்டு. அயர்லாந்தில் நார்மன்கள் கட்டியவற்றில் இதுவே பெரியது.

ஸ்ட்ராங்போவுக்கு எதிர் எடையாக ஒருவர் வேண்டும் என்று நினைத்த ஹென்றி, 1172இல் மீத் பகுதி முழுவதையும் ஹியூ டி லேசிக்குக் கொடுத்தார். டி லேசி முதலில் கட்டியது மரவேலிக் கோட்டை. ஐரிஷ் பேரரசர் ரோரி ஓ’கானர் படையோடு வரவும் அது சாம்பலானது. அதன் பிறகுதான் கல். வேலை 1170களின் நடுவில் தொடங்கி, அவர் மகன் வால்டர் காலத்தில் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிந்தது. இந்தத் தேதிகள் வெறும் ஊகமில்லை. சாரம் கட்டுவதற்காகச் சுவரில் விட்ட துளைகளில் அக்காலத்து ஓக் மரத்துண்டுகள் சிக்கிக்கொண்டு கிடந்தன. அவற்றின் ஆண்டு வளையங்களை எண்ணிக் கட்டுமானம் எந்தெந்தக் கட்டத்தில் நடந்தது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். சுவர் நெடுக வரிசையாகத் தெரியும் சதுரப் பொந்துகள்தான் அவை. புறாக் கூடு என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள்.

இங்கே பார்க்க வேண்டியது நடுக்கோபுரத்தின் அமைப்பு. நடுவில் ஒரு பெரிய சதுரம். அதன் நான்கு பக்கத்திலும் பக்கத்துக்கு ஒன்றாகச் சிறிய சதுரக் கோபுரங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி. மொத்தம் 20 பக்கங்கள். நான்கில் ஒன்று விழுந்துவிட்டது, மூன்று நிற்கின்றன. போர்க்கலை தெரிந்தவர்கள் இதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். மூலை அதிகமானால் எதிரி கடப்பாரை போட இடம் அதிகம், காவலுக்கு ஆள் அதிகம், ஒவ்வொரு மூலைக்குப் பின்னாலும் மேலே நிற்பவன் கண்ணுக்குத் தெரியாத ஓரிடம். பிறகு ஏன் இப்படிக் கட்டினார்? மீத் சமவெளியில் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ‘இனி நான்தான் இங்கே’ என்று கண்ணில் அறைய வேண்டும், அதற்காகத்தான் என்பது என் எண்ணம். போருக்காக இருந்தால் இவ்வளவு செலவு செய்து இவ்வளவு பலவீனம் வாங்கியிருக்க மாட்டார். அப்படிப்பட்டவரின் முடிவு 1186இல் டரோ என்ற ஊரில் வந்தது. அங்கே வேறொரு கோட்டை வேலையை மேற்பார்வையிடப் போனபோது, ஐரிஷ் இளைஞன் ஒருவன் மறைத்து வைத்திருந்த கோடரியால் அவர் தலையை வெட்டினான். ட்ரிம் முடிந்ததை அவர் பார்க்கவில்லை.

கோபுரத்துக்குள் வழிகாட்டியோடுதான் போக முடியும். தளங்களும் கூரையும் எப்போதோ போய்விட்டதால் உள்ளே நடைபாலங்கள் போட்டிருக்கிறார்கள். தளம் இல்லாததே ஒரு வசதி. கட்டடத்தைக் குறுக்கே வெட்டி வைத்தது போல, எந்த உயரத்தில் உத்தரம் ஓடியது, எங்கே கணப்பு இருந்தது, பின்னால் எத்தனை அடி உயர்த்திக் கட்டினார்கள் என்று எல்லாமே சுவரிலேயே தெரியும். வெளிமதிலையும் சுற்றி வாருங்கள். ஒரு பக்கம் சதுரக் கொத்தளங்கள், தெற்கே போகப் போக வட்டமாக முன்னால் பிதுங்கியவை. ஒரே மதிலுக்குள் ஒரு தலைமுறைக்குள்ளேயே பாதுகாப்புப் பாணி மாறியிருக்கிறது. தெற்கு வாசலான டப்ளின் கேட்டுக்கு முன்னால் அகழியின் மேல் நீட்டிக் கட்டிய முகப்பு வாசல் இன்னும் இருக்கிறது. அயர்லாந்தில் அதுபோல் மிஞ்சியது மிகக் குறைவு. 1990களில் ஒரு ஹாலிவுட் படத்துக்கு இதே மதில்கள்தான் இங்கிலாந்தின் யார்க் நகரமாக வேஷம் போட்டன. ஊர்க்காரர்கள் அதைச் சொல்லாமல் உங்களை விடமாட்டார்கள்.

அறைகலன், ஓவியம், கம்பளம் எதிர்பார்ப்பவர்களுக்கு ட்ரிம் ஒத்துவராது. மழை பெய்தால் ஒதுங்கவும் அதிகம் இடமில்லை.

அறைகலன் வேண்டுவோருக்கு

கில்கென்னி. டப்ளின் ஹூஸ்டன் நிலையத்திலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம், நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். கார் இல்லாதவர்களுக்கு இதைவிட வசதியானது கிடையாது.

பிறப்பில் இதுவும் ட்ரிம்மின் தம்பிதான். நோர் ஆற்றின் மேட்டில் ஸ்ட்ராங்போ போட்ட மரக்கோட்டை இருந்த இடத்தில், அவர் மருமகன் வில்லியம் மார்ஷல் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கற்கோட்டை எழுப்பினார். நான்கு மூலைக்கும் நான்கு உருண்டைக் கோபுரங்கள், நடுவில் முற்றம். 1391இல் பட்லர் குடும்பம் வாங்கியது. அதன் பிறகு 1935 வரை அவர்கள் கையில்தான் இருந்தது. ஐந்நூறு ஆண்டுக்கு மேல் ஒரே குடும்பம் குடியிருந்த வீடு என்றால் என்ன ஆகும்? ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துக்கு ஏற்ப இடித்துக் கட்டும். 1650இல் குரோம்வெல்லின் பீரங்கி கிழக்குப் பக்கத்தை உடைத்தது. பிரான்சில் அடைக்கலமாக இருந்துவிட்டுத் திரும்பிய பட்லர் குடும்பத் தலைவர் ஆர்மண்ட் பிரபு 1660களில் அதைப் பிரெஞ்சு மாளிகை போல மாற்றினார். 19ஆம் நூற்றாண்டில் வாரிசுகள் மறுபடி ‘கோட்டை மாதிரி’ ஆக்கினார்கள். இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வேலையைத்தான். கிழக்கு மதிலே இல்லாததால் கோட்டை ஒரு பக்கம் திறந்து, பெரிய புல்வெளியைப் பார்த்து நிற்கிறது. மூன்று கோபுரங்கள்தான் மிச்சம்.

உள்ளே ஓவியக் கூடத்தை மட்டும் அவசரப்படாமல் பாருங்கள். நீளமான அந்தக் கூடத்தின் கூரை மரச் சட்டங்களால் ஆனது. உத்தரங்களின் நுனியில் விலங்கும் பறவையுமாகச் செதுக்கி வண்ணமும் பொன்னும் பூசியிருக்கிறார்கள். டீன், வுட்வர்ட் என்ற கட்டடக் கலைஞர்கள் அமைத்தது. ஓவிய வேலை ஜான் ஹங்கர்ஃபோர்டு போலன். இடைக்காலம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று விக்டோரியா காலத்துக் கனவான்கள் கற்பனை செய்தார்களோ அதன் முழு உருவம் இது.

குடும்பம் கட்டுப்படியாகாமல் வெளியேறியபோது வீட்டுச் சாமான்கள் ஏலம் போயின. ஆளில்லாத கட்டடம் முப்பது ஆண்டுகள் நனைந்தது. 1967இல் அன்றைய ஆர்மண்ட் பிரபு அதை ஊர் மக்களின் சீரமைப்புக் குழுவிடம் 50 பவுண்டுக்குக் கொடுத்தார். பிறகு அரசு பொறுப்பேற்று, ஏலத்தில் சிதறியவற்றில் கிடைத்ததைத் தேடிப் பிடித்தும், கிடைக்காததற்கு அந்தக் காலத்துப் பொருளை வைத்தும் அறைகளை நிரப்பியது. வயதான பெற்றோரை அழைத்துப் போவதானால் நான் கண்ணை மூடிக்கொண்டு கில்கென்னியைச் சொல்வேன். நல்ல படிக்கட்டு, கூரை, சூடான அறை, முடித்ததும் பூங்காவில் உட்கார இடம், கடைத்தெரு வாசலிலேயே.

என் தேர்வு

எனக்கு ஒரே ஒரு கோட்டை என்றால் அது கேஹிர். ஊர்க்காரர்கள் ‘கேர்’ என்றே சொல்வார்கள், பேருந்தில் கேட்கும்போது நினைவிருக்கட்டும். டிப்பரரி மாவட்டம், டப்ளினிலிருந்து கார்க் போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். சூர் ஆற்றின் நடுவே ஒரு பாறைத் தீவு. பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுச் சொல்ல முடியாதபடி கோட்டை அதிலிருந்தே முளைத்தது போல நிற்கும். 1142இல் ஓ’பிரையன் குலத்தவர் இங்கே கோட்டை கட்டியதாகச் சொல்வார்கள். இப்போதிருப்பது 13ஆம் நூற்றாண்டில் தொடங்கி, 1375க்குப் பின் பட்லர் குடும்பத்தின் ஒரு கிளை வளர்த்தெடுத்தது.

கேஹிரில் எனக்குப் பிடித்தது, தாக்க வந்தவனின் பாதையிலேயே நாமும் நடக்க முடிவது. வெளி முற்றம், நடு முற்றம், உள் முற்றம் என மூன்று அடுக்கு. ஒவ்வொன்றைக் கடக்கவும் ஒரு வாசல், ஒவ்வொரு வாசலையும் மேலிருந்து பார்க்கும் ஒரு சுவர். உள் வாசலில் மேலிருந்து இறங்கும் இரும்புப் பூண் போட்ட கிராதிக் கதவு இன்றும் ஏறி இறங்கும் நிலையில் இருக்கிறது. அதைத் தாண்டியதும் நிமிர்ந்து பாருங்கள். உள்ளே வந்துவிட்டோம் என்று நினைத்தவன் முன்னாலும் பின்னாலும் அடைபட்டு நிற்க, தலைக்கு மேலிருந்து கல் விழும் இடம் அது. ஆற்றுப் பக்கம் கீழே நீர் எடுப்பதற்கென்றே ஒரு கோபுரம். முற்றுகையில் கோட்டைக்குள் இருப்பவர்களை முதலில் சாய்ப்பது தாகம்தான் என்று கட்டியவருக்குத் தெரிந்திருக்கிறது.

இத்தனை இருந்தும் 1599இல் விழுந்தது. எலிசபெத் ராணியின் செல்லப் பிள்ளையான எசெக்ஸ் பிரபு பெரும்படையோடு அயர்லாந்தை அடக்க வந்திருந்தார். கரையில் பீரங்கியை நிறுத்திச் சுட்டதில் மூன்றே நாளில் கோட்டை கையில். எதிரி ஏணி வைத்து ஏறுவான், கடப்பாரையால் இடிப்பான் என்ற கணக்கில் கட்டியவற்றுக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்தே அடிக்கும் குண்டுக்கு விடை இல்லை. அந்தக் குண்டில் ஒன்று வடகிழக்குக் கோபுரச் சுவரில் இன்னும் பதிந்திருப்பதைக் காட்டுவார்கள். அண்ணாந்து தேடிக் கண்டுபிடிப்பது குழந்தைகளுக்கு நல்ல வேலை. முற்றுகையை அப்படியே சிறு பொம்மைகளாக அமைத்த மாதிரி ஒன்றும் உள்ளே இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டுப் பிறகு மதில் ஏறினால் எந்தப் பக்கத்திலிருந்து எது வந்தது என்று விளங்கும். ராணி இதைப் பெரிய வெற்றியாக மதிக்கவே இல்லை. எசெக்ஸ் 1601இல் லண்டனில் தலையை இழந்தார்.

அடுத்த ஐம்பதாண்டில் குரோம்வெல் வந்தபோது கேஹிர் குண்டு ஒன்றுகூட வாங்காமல் சரணடைந்தது. கோழைத்தனம் என்று அன்று சிலர் திட்டியிருக்கலாம். அதனால்தான் இன்று முழுசாக நிற்கிறது. 1840களில் பெருங்கூடத்தைச் சீரமைத்தார்கள். பட்லர் வழியின் கடைசி வாரிசு 1961இல் இறந்தபின் அரசிடம் வந்தது. கூடத்துச் சுவரில் ராட்சத ஐரிஷ் மானின் கொம்பு மாட்டியிருக்கும். சதுப்பு நிலத்தைத் தோண்டும்போது கிடைக்கும், எப்போதோ அழிந்துபோன இனம். விரித்த கையைவிட அகலம்.

கேஹிரின் ஒரே குறை தூரம். டப்ளினிலிருந்து 175 கிலோமீட்டர் அளவு. ஆனால் போகும் வழியிலேயே காஷெல் பாறை இருக்கிறது. பட்டியல்களில் கோட்டை என்று போடப்படும் பேராலயம் என்றேனே, அது இதுதான். தெற்குப் பகுதியான மன்ஸ்டரின் அரசர்களுக்கு இருக்கையாக இருந்த குன்றை 1101இல் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு எழுந்தது எல்லாம் கோயில் கட்டடம். 1134இல் நிறைவடைந்த கார்மாக் சிற்றாலயம் ஒன்றுக்காகவே இறங்கலாம். கோட்டை என்று நினைத்து மட்டும் போகாதீர்கள்.

கோபுர வீடுகள்: பன்ராட்டியா, பிளார்னியா?

தெற்கே கார்க் பக்கமோ (பிளார்னி) மேற்கே லிமெரிக் பக்கமோ (பன்ராட்டி) போகிறவர்களுக்கு இந்தக் கேள்வி வரும். இரண்டும் 15ஆம் நூற்றாண்டுக் கோபுர வீடுகள், இரண்டும் ஐரிஷ் குலங்கள் கட்டியவை, இரண்டுக்கும் கூட்டம் உண்டு, டிக்கெட்டும் 20 யூரோ பக்கம் வரும்.

இந்தக் கோபுர வீடுகளில் பலவற்றில் ஒரு சின்ன விஷயம் பார்க்கலாம். கீழ்த்தளத்தின் வளைவுக் கூரையை டார்ச் அடித்து அண்ணாந்து பார்த்தால், சுண்ணாம்புக் காரையில் பாய் முடைந்தது போன்ற தடம் தெரியும். வளைவு கட்டும்போது தாங்குவதற்குப் பலகைக்குப் பதிலாக முடைந்த தட்டிகளை வளைத்து வைத்து, அதன்மேல் காரை போட்டுக் கல் அடுக்கினார்கள். காரை இறுகியதும் தட்டியை உருவிவிடுவார்கள். தடம் மட்டும் தங்கிவிட்டது. பெயர் தெரியாத ஒருவர் முடைந்த தட்டியின் ஒவ்வொரு குச்சியும் ஐந்நூறு ஆண்டுக்குப் பின்னும் எண்ணும்படி இருக்கிறது. பெருங்கூடத்துப் பளபளப்பைவிட இது என்னை அதிகம் நிறுத்தி வைக்கும்.

சுழல் படிக்கட்டு பற்றியும் ஒரு வார்த்தை. வலமாகச் சுழல்வதால் மேலே நிற்பவன் வலக்கை வாளை வீசலாம், கீழிருந்து வருபவனால் முடியாது என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். இடமாகச் சுழலும் படிகளும் கோட்டைகளில் உண்டு என்பதால் எனக்கு இதில் அரை நம்பிக்கைதான். படிகள் குறுகல், உயரம் ஒன்றுபோல் இராது, பிடித்துக்கொள்ளச் சில இடங்களில் கயிறுதான் என்பது மட்டும் உறுதி. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இரண்டு கோட்டையுமே சிரமம்.

பன்ராட்டியின் இப்போதைய கோபுரத்தை 1425 வாக்கில் மெக்னமாரா குலத்தவர் கட்டினார்கள். அந்த இடத்தில் எழுந்த நான்காவது கோட்டை அது. பிறகு ஓ’பிரையன்களிடம் போனது. மூலைக் கோபுரங்கள் இரண்டை உச்சியில் அகலமான வளைவு ஒன்று இணைக்கும் முகப்பு அதன் தனி அடையாளம். பாழடைந்து கிடந்ததை 1954இல் கோர்ட் பிரபு வாங்கி, ஜான் ஹன்ட் என்ற கலைப்பொருள் நிபுணரின் உதவியோடு 15, 16ஆம் நூற்றாண்டு மேசை, அலமாரி, திரைச்சீலை எல்லாம் சேர்த்து நிரப்பினார். 1960இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அந்தச் சாமான்கள் பழையவைதான், ஆனால் அந்த வீட்டுடையவை இல்லை. ஐரோப்பா முழுவதிலுமிருந்து வந்தவை. இது தெரிந்துகொண்டு பார்த்தால் தவறே இல்லை. ஒரு குலத்தலைவனின் கூடம் ஆளும் பொருளுமாக எப்படி இருந்திருக்கும் என்று வேறெங்கும் இந்த அளவு காணக் கிடைக்காது. வெளியே கிராமியப் பூங்கா. ஷானன் விமான நிலைய ஓடுதளத்துக்காக அகற்ற வேண்டியிருந்த ஒரு பண்ணை வீட்டைப் பெயர்த்து வந்து வைத்ததில் தொடங்கியது. இப்போது கூரை வேய்ந்த வீடுகள், பள்ளிக்கூடம், கடைத்தெரு, ஆடு கோழி எல்லாம் உண்டு. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு முழு நாள் ஓடிவிடும். 1963இலிருந்து நடக்கும் இடைக்கால விருந்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கத்தியால் மட்டும் இறைச்சி சாப்பிடும் வேடிக்கையில் சைவக்காரர்களுக்கு என்ன வேலை?

பிளார்னிக்குக் கல்லுக்காகத்தான் எல்லோரும் போகிறார்கள். கார்மாக் மெக்கார்த்தி 1446இல் எழுப்பிய கோபுரத்தின் உச்சிக் கைப்பிடிச் சுவர் வெளியே பிதுங்கியிருக்கும். அடியில் வந்து நிற்பவன்மேல் கல் போடுவதற்கான இடைவெளி அதற்கும் கோபுரச் சுவருக்கும் நடுவே உண்டு. அந்த இடைவெளிக்கு அப்பால் இருக்கும் கல்லை, மல்லாந்து படுத்து, இரும்புக் கம்பியைப் பிடித்துத் தலையைக் கீழே தொங்கவிட்டு முத்தமிட்டால் பேச்சுத் திறமை வரும் என்பது நம்பிக்கை. ஒருவர் உங்களைப் பிடித்துக்கொள்வார், ஒருவர் புகைப்படம் எடுப்பார். கோடையில் வரிசை கோபுரப் படியெல்லாம் நிற்கும். கல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது, ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து வந்தது என்றெல்லாம் கதைகள் இருந்தன. 2014இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஒரு மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்து, அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல்தான் என்று சொல்லிவிட்டார்கள். கோபுரத்துக்குள் கூரையும் இல்லை, சாமானும் இல்லை. தோட்டம் அழகு, அதிலும் விஷச் செடிகளுக்கென்றே ஒரு பகுதி வைத்திருப்பது வேடிக்கை. கோட்டைக்காக என்றால் பன்ராட்டி, தோட்டத்தில் அரை நாள் நடக்க என்றால் பிளார்னி. முத்தம் உங்கள் விருப்பம்.

கில்லார்னி ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு அங்குள்ள ராஸ் கோட்டையைப் பார்க்கலாம். இதுவும் 15ஆம் நூற்றாண்டுக் கோபுர வீடுதான். 1652இல், மன்ஸ்டரில் கடைசியாகச் சரணடைந்தவற்றில் ஒன்று. செலவும் குறைவு.

பன்ராட்டிக்குப் பக்கத்திலேயே லிமெரிக்கில் ஷானன் ஆற்றங்கரையில் ஜான் மன்னர் கோட்டை இருக்கிறது. கோட்டையாகச் சுமார், கண்காட்சி நன்றாகச் செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இங்கே ஒரு தொடர்பு உண்டு. 1691 முற்றுகைக்குப் பின் லிமெரிக் உடன்படிக்கை கையெழுத்தானதும் ஆயிரக்கணக்கான ஐரிஷ் வீரர்கள் பிரெஞ்சுப் படைக்குக் கப்பலேறினார்கள். பிரான்சில் குடியேறிய அப்படியொரு கால்வே குடும்பத்தின் பிள்ளைதான் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுத் தளபதி லாலி. 1760இல் வந்தவாசியில் அவரைத் தோற்கடித்த ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், லிமெரிக் மாவட்டத்து ஆள்.

வடக்கே போவதானால் விசாவைப் பாருங்கள்

படங்களில் அதிகம் மயக்குவது டன்லூஸ். அன்ட்ரிம் கடற்கரையில் செங்குத்தான பாறை முனையில் நிற்கும் பாழடைந்த கோட்டை. 1500 வாக்கில் மெக்குவில்லன்கள் கட்டியதை மெக்டானல்கள் பிடுங்கிக்கொண்டார்கள். 1588இல் ஸ்பெயினின் பெரும் கப்பற்படை சிதறியபோது ஜிரோனா என்ற கப்பல் இதன் அருகே மூழ்கியது. சோர்லி பாய் மெக்டானல் அதன் பீரங்கிகளை எடுத்துக் கோட்டையில் வைத்துக்கொண்டார். 1960களில் மூழ்கியெடுத்த அதன் தங்க நகைகள் பெல்ஃபாஸ்டில் அல்ஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அடுப்படி ஒரு புயலில் சமையல்காரர்களோடு கடலில் விழுந்தது என்ற கதையைச் சுவைக்காகக் கேட்டுக்கொள்ளலாம். பெல்ஃபாஸ்டுக்குப் பக்கத்தில் கேரிக்ஃபெர்கஸ், 1177 வாக்கில் ஜான் டி கூர்சி தொடங்கியது. 1928 வரை படை தங்கியிருந்த இடம், ட்ரிம் போலவே முதல் தலைமுறை. கூரையோடு ஒரு நார்மன் கோபுரம் பார்க்க வேண்டுமென்றால் இதுதான்.

ஆனால் இரண்டும் வட அயர்லாந்து, அதாவது பிரிட்டன். எல்லையில் சோதனைச் சாவடி எதுவும் இராது, பேருந்து நிற்காமல் போய்விடும் என்பதால் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அயர்லாந்து விசா மட்டும் இருந்தால் போதாது. விசாவில் ‘பிஐவிஎஸ்’ (பிரிட்டன்-அயர்லாந்து கூட்டு விசாத் திட்டம்) என்று குறித்திருந்தால் இரண்டு நாட்டுக்கும் செல்லும். இல்லையென்றால் பிரிட்டன் விசா தனியாக வேண்டும். டப்ளினில் வேலை அனுமதி அட்டை வைத்திருப்பவர்களுக்கும் இதே சட்டம்தான். படம் நன்றாக இருக்கிறது என்பதற்காக எல்லை தாண்டிவிட்டுப் பிறகு வருத்தப்பட வேண்டாம். ஷெங்கன் விசா தெற்கு, வடக்கு இரண்டுக்குமே உதவாது.

கோட்டையில் ஓர் இரவு தங்க ஆசைப்படுபவர்கள் அஷ்ஃபோர்டு, ட்ரோமோலண்ட் என்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பார்கள். அஷ்ஃபோர்டின் வேர் 1228இல் இருந்தாலும், கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பகுதி 1852க்குப் பின் கின்னஸ் பீர்க் குடும்பம் கட்டியது. ட்ரோமோலண்ட் 1830களின் கட்டடம். விலை தலைசுற்றும். நல்ல ஹோட்டல்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

கணக்கு என்று பார்த்தால், அரசுப் பராமரிப்பில் உள்ள ட்ரிம், கேஹிர், ராஸ் எல்லாம் ஆளுக்குச் சில யூரோதான். கில்கென்னி கொஞ்சம் கூட. இவை எல்லாவற்றுக்கும் செல்லும் ஹெரிடேஜ் கார்டு ஒன்று சுமார் 40 யூரோவுக்குக் கிடைக்கிறது, ஓராண்டு செல்லும். மூன்று கோட்டைக்கு மட்டும் என்றால் அது கட்டாது. நியூகிரேஞ்ச் என்ற கற்காலக் கல்லறை, காஷெல் என்று நாலைந்து இடம் சேர்ந்தால் வாங்கலாம். பிளார்னியிலும் பன்ராட்டியிலும் அது செல்லாது.

இரண்டு நாளும் ஒரு காரும் இருந்தால் நான் போடும் வழி இது: முதல் நாள் காலை டப்ளினிலிருந்து கில்கென்னி, மதியச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டு காஷெல், இரவு கேஹிரில் தங்கல். மறுநாள் கோட்டை திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள், பேருந்துக் கூட்டம் வருவதற்குள் மதில்கள் உங்களுக்கே. கோட்டையிலிருந்து ஆற்றோரம் இரண்டு கிலோமீட்டர் நடந்தால், பட்லர்கள் பொழுதுபோக்குக்காகக் கட்டிய ஓலைக்கூரை ஸ்விஸ் காட்டேஜ் வரும். ட்ரிம்மை இதில் சேர்க்காதீர்கள், திசையே வேறு. அதை நியூகிரேஞ்சோடு சேர்த்து வேறொரு நாளுக்கு வையுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சில இடங்களில் திறக்கும் நாளும் நேரமும் சுருங்கும், ட்ரிம் அதில் ஒன்று. கிளம்புமுன் அவர்கள் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.